மெரியானாவின் நிறம்

மே 8, 2018. செவ்வாய்

காலை ஏழு மணிக்கு மழைமானியில் 4.2 மி.மீ. வானிலை நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது. இன்னமும் தினம் அளந்து எழுதுகிறேன். யாரும் கேட்பதில்லை.

நேற்று ஆக்லாந்திலிருந்து நோரோவா பேசினான். பேரன் அபேராவுக்கு ஏழு வயது முடிகிறது. முதல் முடிவெட்டு விழாவை இங்கே, தீவில், மாதவேராவில், நம் வீட்டு முற்றத்திலேயே வைக்க வேண்டுமாம். ஜூலை 14, சனிக்கிழமை.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. ஏழு வயசுல நான் முடி வெட்டிக்க உக்காந்தேன்ல, அந்த நாற்காலி மேல அம்மா பூ வெச்சுத் தைச்ச தீவைவை விரிப்பு கிடந்துச்சு. அதே மாதிரி ஒண்ணு வேணும். அதே பூ, அதே கலர்."

"அது இப்ப..."

"தெரியும்ப்பா. அது அம்மாகூடப் போயிருச்சு. அதான் வீடியோ இருக்கே. அதைப் பாத்துச் சித்தியோட தையல் கூட்டத்துல தைச்சுரட்டும்."

சரி என்றேன். நான் எதற்கும் சரி என்று சொல்கிறவன்.

அந்த விரிப்பில் சுற்றித்தான் மெரியானாவைப் புதைத்தோம். ஒரு முனையை நானே பிடித்தேன். என்ன நிறம் என்று இப்போது கேட்டால்? தெரியவில்லை. பூ செம்பருத்தி. அடித்துணி வெள்ளை. பூவின் நிறம்? வானத்தில் மேகம் எட்டில் எத்தனை பங்கு என்று முப்பத்தோரு வருடம் பார்த்துச் சொன்ன கண் இது.

மே 9

தன் முடிவெட்டு விழா வீடியோவைப் பழைய நாடாவிலிருந்து போன வருடமே கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி அனுப்பியிருந்தான் நோரோவா. எட்டு மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று எடுத்துக் கணினியில் செருகினேன்.

மூன்று நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் வருகிறாள். கையில் தாரோக் கிழங்குத் தட்டு. தலையில் பூவளையம். யாரோ ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே இடமிருந்து வலம் போகிறாள். மொத்தம் ஒன்பது விநாடி.

முகம் மஞ்சளாக இருக்கிறது. மெரியானா மஞ்சள் இல்லை. வறுத்த தேங்காய்ப் பருப்பின் வெளித்தோல் மாதிரி நல்ல பழுப்பு. முப்பது வருடத்தில் நாடா கெட்டுவிட்டது. இங்கே உள்ள உப்புக் காற்றுக்கு இரும்பே நிற்பதில்லை, நாடா எங்கே நிற்கும்?

நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு பார்க்க முடியவில்லை.

மே 11

ஒரு கண்டுபிடிப்பு. வீடியோ ஓட்டும் நிரலில் 'கருவிகள்' என்ற இடத்தில் அழுத்தினால் ஒரு சிறு பலகை திறக்கிறது. படத்தைச் சரி செய்வதற்கானது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன், ஹியூ என்று நான்கு பட்டைகள். முதலாவது வெளிச்சம். இரண்டாவது கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள தூரம். மூன்றாவது நிறத்தின் அடர்த்தி. நான்காவதுதான் விநோதம் – எல்லா நிறங்களையும் சக்கரம் போலச் சேர்த்துச் சுற்றுகிறது. கொஞ்சம் நகர்த்தினால் ஆரஞ்சு சிவப்பாகிறது. நிறைய நகர்த்தினால் மனிதர்கள் ஊதாவாகிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான் நகர்த்த வேண்டும். மற்றவை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். கருவிகளைச் சரிபார்க்க நாங்கள் பழகிய முறை அதுதான். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன்.

மே 12

பிரைட்னஸ் இரண்டு கூட்டினேன். பரவாயில்லை. கான்ட்ராஸ்ட் தொடவில்லை.

மே 13, ஞாயிறு

தேவாலயம். பிறகு மீனும் தாரோவும். சாயங்காலம் பட்டைகளைத் தொடக் கூடாது என்று இருந்தேன். தொட்டேன்.

மே 15

வந்துவிட்டாள்.

ஹியூவைச் சிவப்புப் பக்கம் பதினான்கு வைத்தேன். சாச்சுரேஷன் ஒரு துளி குறைத்தேன். மஞ்சள் போய், முகம் அவள் முகமாயிற்று. பிற்பகல் மூன்றேகாலுக்கு. எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன்? அவள் உள்ளே வருகிற மாதிரி இருந்தது.

அந்த ஒன்பது விநாடியை எத்தனை முறை ஓட்டினேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் நான் ஒரு காரியம் செய்தது எனக்கே புதிது.

கல்யாணமான புதிதில் தினமும் பதினொன்றரைக்குச் சைக்கிளில் நிலையத்துக்குச் சோறு கொண்டுவருவாள். பன்னிரண்டு மணி அளவு எடுத்த பிறகுதான் சாப்பிடுவேன் என்பேன். வேலியில் சாய்ந்து காத்திருப்பாள். "அந்தக் காத்துமானி சுத்துறதை நிறுத்திட்டா நீ செத்துப் போயிருவியா மதாயோ?" என்பாள். ஒருநாள் நான் அளவெடுத்து முடிப்பதற்குள் பாதிச் சோற்றை அவளே சாப்பிட்டுவிட்டாள். அன்றைய பதிவேட்டில் காற்றின் வேகத்தைத் தப்பாக எழுதினேன், சிரித்துக்கொண்டே எழுதியதால்.

இந்த அளவில் சில குறைகள் உண்டு, எழுதிவைக்க வேண்டும். பின்னால் நிற்கும் ஈரப்பலா மரத்தின் இலை பழுத்தாற்போல் தெரிகிறது. 1988 ஜூலையில் மழை குறைவு, அதனால் இருக்கலாம். பாஸ்டர் முகம் வெந்த இறால் மாதிரி இருக்கிறது. வெயிலில் நெடுநேரம் நின்றார்.

செம்பருத்திப் பூ நல்ல அடர் சிவப்பு.

மே 17

மெரியானாவின் தங்கை தெரேயாபியும், துணி வெட்டுகிற தூதாய் கிழவியும், கூட்டத்துப் பெண்கள் நான்கு பேரும் வந்தார்கள். என் சிறிய அறையில் ஆறு பேர். எல்லோர் தலையிலும் பூ. எனக்கு வியர்த்தது.

பூவின் வடிவம் பிரச்சினையில்லை. தூதாயிடம் பழைய காகித அச்சு இன்னும் இருக்கிறது. நிறம்தான்.

"ஆரஞ்சு," என்றாள் தெரேயாபி, உட்காருவதற்கு முன்பே. "நானும் அக்காவும் சேந்துதான் தைச்சோம். பதினோரு மாசம். ஆரஞ்சு அத்தான்."

"தூதாய்க்கு ஞாபகம் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எரநூறு விரிப்பு வெட்டியிருக்கேன்டி. எம் புருசன் மொகமே மறந்து போச்சு, பூ நெறம் ஞாபகம் இருக்குமா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து வீடியோவைப் போட்டேன். நாற்காலி வந்தது. விரிப்பு வந்தது. சிவப்பு.

பிறகு மெரியானா வந்தாள். தூதாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தாடி, அப்படியே இருக்காளே," என்றாள்.

தெரேயாபி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். அக்காவை இல்லை, விரிப்பை.

"ஆரஞ்சுன்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றாள். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவள், அதை மெதுவாகச் சொன்னாள். "வயசாயிருச்சு போல."

நான் பட்டைகளை நகர்த்தியதைச் சொல்லியிருக்க வேண்டும். 'சரி செய்திருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை. இத்தனை பெண்கள் முன்னால் அந்தப் பலகையை விளக்க வாய் வரவில்லை. சரியாகத்தானே செய்திருக்கிறேன் என்றும் தோன்றியது. நான் ஒரு விஷயத்தில் தெரேயாபியை வென்றது இதுதான் முதல் தடவை.

மே 21

அவருவாக் கடையில் சிவப்புத் துணி கிடைத்துவிட்டது. இன்று வெட்டினார்கள். நான்காய் எட்டாய் மடித்து, தூதாய் கத்திரியை ஒரே ஓட்டமாக ஓட்டினாள். விரித்தபோது பூக்கள். தையல் கூட்டத்துக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. வாசல் வரை போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மே 30

மழை 31.0. வீடியோ மூன்று முறை.

ஜூன் 6

தையல் நன்றாகப் போகிறதாம். தினம் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். ஒருத்தி பாட ஆரம்பித்தால் வேலை ஓடுகிறது, ஒருத்தி புறணி பேச ஆரம்பித்தால் இன்னும் வேகமாக ஓடுகிறது என்கிறாள் தெரேயாபி.

வீடியோவில் நான் இருக்கிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன். ஆறாவது நிமிடம். படச் சட்டத்தின் ஓரத்தில் பாதி உடம்பு. ஒளிப்பதிவுக்காரர் – மெரியானாவின் ஆக்லாந்து ஒன்றுவிட்ட அண்ணன் – என் பக்கம் திரும்பியதும் விலகிவிடுகிறேன். அவள் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறாள். மறுபடி விலகுகிறேன். நாற்பத்து நான்கு வயதில் எதற்கு அவ்வளவு வெட்கம்? அந்த இரண்டு விநாடி அங்கேயே நின்றிருக்கலாம்.

ஜூன் 19

தெரேயாபி வீடியோவின் ஒரு பிரதி கேட்டாள். "எங்க வீட்டுல எல்லாரும் அக்காவைப் பாக்கணும்ங்கிறாங்க அத்தான்." கோப்பை இன்னொரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஐந்து நாள் பாடுபட்டுச் சரி செய்த படம். கொடுக்கும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 21

காலையில் ஸ்கூட்டர் சத்தம். நிறுத்திய விதத்திலேயே தெரேயாபி என்று தெரிந்தது.

"அத்தான்! வெளிய வாங்க. என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே, அஞ்சு பொம்பளைங்க முன்னால!"

"என்னம்மா?"

"ஆரஞ்சு! எம் மக கம்ப்யூட்டர்ல போட்டேன். பளிச்சுனு ஆரஞ்சு. நீங்க குடுத்த அதே வீடியோ. ஒரு மாசமா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்!"

அவளுடைய கணினியில்தான் ஏதோ கோளாறு என்றேன். "அப்ப வந்து பாருங்க," என்றாள். அவள் பின்னாலேயே என் ஸ்கூட்டரில் போனேன்.

ஆரஞ்சுதான்.

அவள் மகள் விளக்கினாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "பெரியப்பா, நீங்க நகத்துன பட்டை உங்க கம்ப்யூட்டர்ல காட்டுற விதத்தைத்தான் மாத்தும். வீடியோவை மாத்தாது. வீடியோ எப்பவும் போலத்தான் இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தா வெளிய வெயிலு கொறைஞ்சிருமா?"

புரிந்தது. ஐந்து வாரமாக நான் கண்ணாடியைத்தான் துடைத்திருக்கிறேன்.

"ஆனா இந்த வீடியோவே தப்பு," என்றேன். விடக்கூடாது என்று தோன்றியது. "நாடா பழசு. மஞ்சள் பூத்துப்போச்சு. மெரியானா மூஞ்சியப் பாரு, தெரியும். அதைச் சரி பண்ணத்தான் ஹியூவை நகத்தினேன்."

தெரேயாபி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயம். மகளைப் பார்த்து, "போய்த் தேத்தண்ணி போடு," என்றாள். திரையில் பாஸ்டர், தெரேயாபி, நோரோவா எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். மரம் பச்சையாக இருந்தது.

"அத்தான். நாடா மஞ்சளாகலை."

"பின்ன?"

"அக்காதான் மஞ்சளா இருந்தா."

ஜூன் 22

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நானே சரிபார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சரிபார்ப்பு. நாடா மஞ்சளாகியிருந்தால் வெள்ளையும் மஞ்சளாகியிருக்கும். பட்டைகள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து நிறுத்திப் பார்த்தேன். பாஸ்டரின் சட்டை வெள்ளை. விரிப்பின் அடித்துணி வெள்ளை. தெரேயாபியின் தொப்பி வெள்ளை. ஒரு படச் சட்டத்தில் அறுபது பேர் இருக்கிறார்கள், ஒருத்தி மட்டும் மஞ்சள்.

கருவி சரியாக இருந்தது. பார்த்தவன்தான் சரியில்லை.

தெரேயாபி சொன்னது: விழாவுக்கு மூன்று நாள் முன்பு மெரியானா அவளிடம் கண்ணைக் காட்டினாளாம். "விழா முடியட்டும். மதாயோகிட்ட சொல்லாத. பயந்துபோய் எல்லாத்தையும் நிறுத்திருவான். நான் சாகறதுக்கு முன்னாடியே அழுவான்." விழாவுக்குப் பிறகு களைப்பு என்றாள். பிறகு தெரேயாபி வெளியூர் போயிருந்தாள். பிறகு செப்டம்பர்.

செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் கேட்டார், எப்போதிலிருந்து மஞ்சளாக இருக்கிறது என்று. 'இந்த வாரம்தான்' என்றேன். உறுதியாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஈரல். நவம்பரில் போய்விட்டாள்.

தினம் மூன்று வேளை வானத்தைப் பார்த்து எழுதினேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளைப் பார்க்கவில்லை.

ஜூன் 23

தெரேயாபி மேல் கோபமா? முப்பது வருடம் மூடி வைத்திருக்கிறாள். இருக்கிறது. இல்லை. அவளும் அந்த வருடம் இருபத்தாறு வயதுப் பெண்.

ஜூன் 25

தையல் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் நிற்கவில்லை, உள்ளே போனேன். எல்லோரும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பூ ஆரஞ்சு. தெரேயாபி சொன்னதுதான் சரி. நான் கம்ப்யூட்டர்ல நிறத்தை மாத்திட்டு உங்களுக்குக் காட்டினேன். தப்பு என்னோடது," என்றேன்.

தூதாய் கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா மதாயோ, முக்காவாசி முடிச்சப்புறமா வந்து சொல்ற? விரல்ல பாரு, சல்லடை."

"புதுசாத் தைக்க நேரம் இருக்கா?"

"மூணு வாரத்துலயா? நீ வந்து ஒரு முனையில உக்காந்தா முடியும்." எல்லோரும் சிரித்தார்கள். "போ, போ. செகப்பும் செம்பருத்தி நெறம்தான். சாமி படைச்சது."

தெரேயாபி மட்டும் சிரிக்கவில்லை. என் கையில் ஒரு வாழைப்பழப் போக்கே பலகாரத்தை இலையோடு வைத்து, "சாப்பிட்டீங்களா அத்தான்?" என்றாள்.

ஜூலை 1

நோரோவாவிடம் சொல்ல வேண்டும். நிறம் மாறியதை மட்டுமா? மற்றதையுமா? அப்பாவுக்குத் தெரியாமல் போனதால்தான் அம்மா அவ்வளவு சீக்கிரம் போனாள் என்று எப்படிச் சொல்வது. விழா முடியும்வரை தள்ளிப்போடலாமா?

இதே வாக்கியத்தை இன்னொருத்தி சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 4

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 11

வந்துவிட்டார்கள். அபேராவின் முடி இடுப்பு வரை. வந்ததும் வராததுமாக மரத்தில் ஏறிவிட்டான். நோரோவா வாசலில், தீவு வழக்கப்படி முற்றத்திலேயே உள்ள அம்மாவின் கல்லறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். மெலிந்திருக்கிறான். அவன் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

விரிப்பைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "அழகா இருக்குப்பா," என்றான். நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும்.

ஜூலை 14, சனி

நூற்றிருபது பேர். இரண்டு பன்றி. மழை இல்லை. அபேரா சிவப்பு விரிப்பின்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவராக வந்து ரிப்பன் கட்டிய ஒரு முடிக்கற்றையை வெட்டினார்கள். முதல் கற்றையை நான். தூதாய் பின்னாலிருந்து "காதை வெட்டிராதப்பா!" என்று கத்தினாள்.

செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். விலகவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்டோம். மருமகளும் அபேராவும் கடலுக்குப் போனார்கள். நோரோவா என் அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மாவோடது ஆரஞ்சுதானப்பா?"

ஆமாம் என்றேன். முதலில் நிறத்தைச் சொன்னேன், பட்டைகளைச் சொன்னேன். சிரித்தான். "உங்க நோட்டுல கட்டம் போட்டிருப்பீங்களே?" என்றான். காட்டினேன்.

"வீடியோவைப் போடுங்க. நான் பாத்ததே இல்ல. கடையில குடுத்து வாங்கி அப்படியே அனுப்பிட்டேன். தைரியம் இல்ல."

பட்டைகள் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுப் போட்டேன். மூன்று பன்னிரண்டு. வந்தாள். நிறுத்தினேன்.

"நோரோவா, அம்மா முகத்தைப் பாரு. இது நாடா கெட்டதால இல்ல. அன்னிக்கே..." திரையில் அவள் முகத்தின்மேல் விரலை வைத்தேன். "அன்னிக்கே அவளுக்கு உடம்பு கெட்டுப்போயிருந்துச்சு. எனக்குத் தெரியல. நான் பாக்கல."

அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்னது?"

"விழா அன்னிக்குக் காலைல எனக்கு ரிப்பன் கட்டும்போது குனிஞ்சாங்க. 'அம்மா, உன் கண்ணு மஞ்சளா இருக்கு'ன்னேன். 'ஷ்ஷ், அப்பாகிட்ட சொல்லாத'ன்னாங்க. சொல்லல." பெரிய ஆள், ஆக்லாந்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன், அழுகையை அடக்க ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "சொல்லியிருந்தா இருந்திருப்பாங்கன்னு... ஏழு வயசுலேருந்து... அதான்ப்பா நான் வர்றதே இல்ல."

இத்தனை வருடம் அவன் ஊருக்கு வராமல் இருந்ததற்கு நான் வேலை, விமான டிக்கெட், மருமகள் என்று வரிசையாகக் காரணம் எழுதி வைத்திருந்தேன்.

"நீ சொல்லலைன்னாலும்," என்றேன், "எனக்குக் கண்ணு இருந்துச்சுல்லடா."

அவன் என் தோளில் தலையை வைத்தான். கனமான தலை. வலித்தது, அசையவில்லை.

பிறகு அவனே கையை நீட்டி வீடியோவை ஓடவிட்டான். அவள் தட்டோடு சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனாள். கடைசிவரை பார்த்தோம். நாற்பத்தொரு நிமிடம்.